முழுக்கைச் சட்டை

மகள் உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தாள். சோப்புப் போட்டாள், அலசினாள், மறுபடி சோப்பைத் தேடினாள்.

"என்னடி, தோலை உரிச்சு எலும்பைப் பார்க்கப் போறியா?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"மை போக மாட்டேங்குதும்மா."

"அந்த மை போகாதுன்னு உனக்கு இப்பத்தான் தெரியுமா? அஞ்சு வருஷமா அதுலதானே நம்ம பொழப்பே ஓடுது."

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரிக் கோட்டுகள், ஆபீஸ் சட்டைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரே தொட்டியில் போய் விழுந்த பிறகு எது யாருடையது என்று யார் கண்டது? அதனால் துணி கைக்கு வந்த உடனே அழியாத மையில் உள்பக்கமாக ஒரு குறி போட வேண்டும். குறிக்குக் கீழே, போட்டவள் தன் நம்பரையும் எழுத வேண்டும். துணி பாழானால் யாரைத் திட்டுவது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமே! அம்மா மூன்று. மகள் பதினேழு. கூடத்துக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மூணு, டீ வந்தாச்சு", "ஏ பதினேழு, இஸ்திரிப் பெட்டி காயுது பாரு." இப்படித்தான்.

"இன்னிக்கு யார் துணியில இவ்வளவு மை?"

மகள் குழாயை மூடினாள். "மூட்டைத் துணியில்லம்மா. ஒரு ஆள் போட்டிருந்த சட்டையில. பஸ்ல."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"மழைன்னு ஒரே கூட்டம். பின்னாடி என்னமோ இடிச்சுது. யாரோட பையோன்னு நகர்ந்தேன். அதுவும் நகர்ந்துச்சு. இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அதுவும் வந்துச்சு. பைக்கு விரல் இருக்குமாம்மா?"

அம்மா அவளுடைய ஈரக்கையைத் தன் முந்தானையில் துடைத்தாள்.

"கத்தணும்னுதான் நினைச்சேன். தொண்டையில ஒண்ணும் வரல. கை மட்டும் போச்சு. மணிக்கட்டைப் பிடிச்சு முன்னால இழுத்தேன். சட்டைக் கையைத் திருப்பி, கழுத்துல தொங்குன பேனாவை எடுத்து எழுதிட்டேன்."

"என்னன்னு எழுதின?"

"பதினேழுன்னு."

"பதினேழா!"

"வேற என்னத்தை எழுதறது? துணி கையில வந்தா நம்பரைப் போட்டே பழகிடுச்சே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே கருகிப்போனது. "மூஞ்சியைப் பார்த்தியா?"

"இல்ல. உதறிக்கிட்டு பின்வாசல்ல குதிச்சுட்டான். முதுகுதான் தெரிஞ்சுது. கண்டக்டர்கிட்ட சொன்னேன். 'கூட்டம்னா ஒட்டத்தான் செய்யும், ஒட்டாம போகணும்னா தனியா கார் வெச்சுக்கோ'ன்னாரு. நாலு பேர் சிரிச்சாங்க."

"நாலு பேரும் ஆம்பளைங்களா?"

"ஒரு பொம்பளை. சிரிச்சுட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தா."

அந்த நேரம் பார்த்து மகன் வந்து சேர்ந்தான். அவன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். தங்கையைவிட மூன்று வயது மூத்தவன். விஷயத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டைத் தூக்கி நாற்காலியில் எறிந்தான்.

"எவன்னு மட்டும் சொல்லு. கையை முறிச்சு அவன் கையிலேயே குடுக்கறேன்."

"முறிச்ச கையை எந்தக் கையிலடா வாங்குவான்?" என்றாள் அம்மா.

"உனக்கு விளையாட்டா இருக்கா? நாளையிலேருந்து இவ பஸ்ல ஏறக் கூடாது. நானே வண்டியில கொண்டு விடறேன்."

"எனக்குக் காலையில பத்து மணிக்கு ஷிப்ட்டு. உனக்கு ஒம்போது மணிக்குக் கடை. ஆறரைக்கு நான் வெளியே வரும்போது நீ எங்க இருப்ப?" என்றாள் தங்கை.

"அப்ப வேலையை விடு. பஸ்ல போறவன் எல்லாம் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். வீட்டுல இரு."

"தப்புப் பண்ணினவன் ஜம்முனு பஸ்ல போவான். நான் வீட்டுல உட்காரணுமா?"

"ஆமா. அதான் பாதுகாப்பு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த ஆவிக்கும் சூட்டுக்கும் நடுவில் நின்று, இப்போதுதான் குறி போடும் மேசைக்கு வந்திருக்கிறாள். அடுத்த வருஷம் மேற்பார்வை கிடைக்கலாம் என்று பேச்சு. இன்று வீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"எனக்குப் பத்து நாள் குடு," என்றாள் அம்மா மகனிடம்.

"பத்து நாள்ல என்ன பண்ணுவ?"

"அவனைப் பிடிப்பேன்."

"பிடிக்கலன்னா?"

"நீ சொன்னபடி இவ வேலையை விடட்டும்."

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நின்றால் அந்தக் கை, உட்கார்ந்தால் அந்தக் கை. சட்டைகளை வாங்கி அடுக்கும் முன்மேசை அவளுடையது. வருகிற ஒவ்வொரு முழுக்கைச் சட்டையின் கைப்பட்டையையும் திருப்பிப் பார்த்தாள். அடுத்த மேசையில் இருந்த ஒன்பதாம் நம்பர்க்காரி, ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியானவள், அம்மாவைவிடப் பத்து வயது சின்னவள், கிண்டல் செய்தாள்.

"அக்கா, அவன் என்ன கிறுக்கனா? நம்பர் போட்ட சட்டையை நம்பர் போட்ட இடத்துக்கே கொண்டு வருவானா?"

"அவனுக்கு அது நம்ம நம்பர்னு எப்படித் தெரியும்? புதுச் சட்டைன்னா தூக்கிப் போட மனசு வருமா? வீட்டுல துவைச்சுப் பார்ப்பான். போகாது. அப்புறம் எங்க வருவான்? இந்தப் பக்கத்துல வேற சலவைக்கூடம் எங்க இருக்கு?"

ஆறாம் நாள் அவன் வந்தான்.

கண்ணாடி, வழுக்கையை மறைக்கும் சீப்பு வேலை, கையில் ஆபீஸ் பை. மடித்த கோடு போட்ட சட்டையை மேசைமேல் வைத்து, "ஒரு சின்னக் கறைம்மா. எடுக்க முடியுமா பாருங்க," என்றான் மரியாதையாக.

அம்மா கைப்பட்டையைத் திருப்பினாள். பதினேழு. ஏழின் கால் கொஞ்சம் வளைந்து. மகளுடைய கையெழுத்து.

"எப்படிப் பட்டுச்சு சார்?"

"ஆபீஸ்ல பேனா ஒழுகிடுச்சு."

"ஒழுகின பேனா நம்பர் எழுதுமா சார்?"

அவன் முகம் வெளுத்தது. அம்மா சிரித்தாள். "சும்மா சொன்னேன். நாளைக்கு ஆறரைக்கு வாங்க. பளிச்சுன்னு வெச்சிருக்கேன்."

மறுநாள் ஆறரைக்கு அவன் வந்தபோது சட்டை பளிச்சென்றுதான் இருந்தது. கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்து, ஹேங்கரில் தொங்கியது. பதினேழு மட்டும் அப்படியே இருந்தது. மேசைக்குப் பின்னால் பதினான்கு பெண்கள் நின்றார்கள்.

அவன் சட்டையை விட்டுவிட்டு நடையைக் கட்டினான். பதினான்கு பேரும் பின்னால் நடந்தார்கள். அவன் வேகமாக நடந்தால் வேகமாக, மெதுவாக நடந்தால் மெதுவாக. பஸ் வந்ததும் தாவி ஏறினான். அவர்களும் ஏறி அவனைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். யாரும் அவனைத் தொடவில்லை. ஒரு முழம் இடைவெளி விட்டு, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள்.

"கண்டக்டர் சார்," என்று குரல் கொடுத்தாள் ஒன்பது, "ஒட்டாம நிக்கறோமா? இந்த அளவு போதுமா, இன்னும் கொஞ்சம் தள்ளணுமா?"

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா ஹேங்கரை உயரத் தூக்கினாள். "எல்லாரும் பாருங்க. இந்தச் சட்டையில நம்பர் எங்க இருக்கு? கைப்பட்டைக்கு உள்பக்கம். தெரியாம மை பட்டா வெளிப்பக்கம்தான் படும். மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பினாத்தான் இங்க எழுத முடியும். இந்த ஆளோட கையை என் பொண்ணு ஏன் பிடிச்சான்னு அவரையே கேளுங்க."

"கூட்டத்துல தெரியாம பட்டிருக்கும்மா..."

"பட்டிருக்கும். அதுக்கென்ன. இனிமே படாம இருக்கட்டும். ரெண்டு கையையும் மேல தூக்கிக் கம்பியைப் பிடிங்க சார். ம்... அப்படித்தான். கடைசி ஸ்டாப் வரைக்கும்."

அவன் இறங்க வேண்டிய இடம் வந்தது. பின்வாசல் திறக்கவில்லை. டிரைவர், தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கிற பெரிய உடம்புக்காரர், கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "பின்கதவு இன்னிக்கு ரிப்பேர்மா," என்றார் நிதானமாக. அதன் பிறகு பதினோரு ஸ்டாப். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி வாய்க்கு வந்தது. தூக்கிவிட அவனுக்குக் கை இல்லை. அம்மா ஒரு நொடி கூட வேறு பக்கம் பார்க்கவில்லை. ஆறு நாள் பசிக்குச் சாப்பிடுகிறவள்போல அதைப் பார்த்தாள்.

இந்தக் கதை ஒரே வாரத்தில் ஊர் சுற்றியது. அந்த பஸ்ஸில் ஏறினால் கையில் நம்பர் போட்டுவிடுவார்கள் என்று ஆண்கள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போலீசிடம் சரணடைந்தவர்கள் மாதிரி நின்றார்கள். பத்து நிமிஷம் நடந்தால் வேறு பஸ் கிடைக்கும் பெண்களும் இதற்காகவே காத்திருந்து ஏறினார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள், பள்ளிக்கூட டீச்சர், காய்கறிக் கூடைக்காரி எல்லாரும் முன்வாசலில் ஏறியதும் கேட்கிற முதல் கேள்வி, "பேனாக்காரங்க வந்தாச்சா?" சலவைக்கூடத்தில் எல்லார் கழுத்திலும் பேனா தொங்கியது. அம்மா ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாள்: மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் எழுத வேண்டும். சந்தேகத்துக்கு எழுதக் கூடாது.

மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு டைல்ஸ் காட்டுவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொன்னான். "தெரியாம பட்டிருக்குமாம்! கை என்ன தனியா கால் முளைச்சு நடந்தா போகும்?" என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தங்கை பஸ்ஸில் போவதைப் பற்றி அப்புறம் அவன் பேசவில்லை.

மாதம் ஒன்று ஓடியது. மழை விடுவதாக இல்லை. மகனின் வண்டி இஞ்சினில் தண்ணீர் ஏறி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஒரு வாரம் அவனும் பஸ்ஸில்தான் போய்வந்தான்.

அதே சமயத்தில் ஒன்பது பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டாள். சலவைக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் நடந்து வந்தாள். நனைந்த காலோடு வந்து, ஈரம் சொட்டச் சொட்ட மேசையில் நிற்பாள்.

"என்னடி இது, குடை இருந்தும் கோழி மாதிரி நனைஞ்சு வர்ற? பஸ்ஸுக்கு என்ன கேடு?" என்று திட்டினாள் அம்மா.

"நடந்தா உடம்புக்கு நல்லதுக்கா."

"உன் உடம்புல குறைக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? நாம எல்லாம் சேர்ந்து அந்த பஸ்ஸை நேர் பண்ணி வெச்சிருக்கோம். நீயே ஏறலன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"விடுங்கக்கா," என்று குனிந்து துணியில் குறி போட்டாள் ஒன்பது. அதற்கப்புறம் அம்மாவோடு அவள் டீ குடிக்கவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீட்டுத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகனுடைய வெளிர்நீலச் சட்டை கைக்கு வந்தது. அவன் பிறந்தநாளுக்கு அவளே எடுத்துக் கொடுத்தது. விரித்தவள் அப்படியே நின்றாள். முழுக்கைச் சட்டை அரைக்கையாகியிருந்தது. முழங்கைக்கு மேலே வெட்டி, மடித்து, மிஷின் தையல் போட்டிருந்தது.

"டேய், இந்தச் சட்டைக்குக் கை எங்கடா?"

மகன் போனிலிருந்து தலையெடுக்கவில்லை. "டெய்லர்கிட்ட குடுத்து வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

"புழுக்கமா இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வெட்டின கை எங்க?"

"குப்பையில போட்டிருப்பாங்க. அதை வெச்சு என்ன பண்ணப் போற?"

அம்மா குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஒன்பதின் வீடு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"நீ கடைசியா யார் சட்டையில எழுதின?"

"யார்லயும் இல்லக்கா."

"பொய் சொன்னா இப்பவே உன் கால்ல விழுவேன். சொல்லு."

ஒன்பது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பின்னாடியிலேருந்து கை வந்துச்சுக்கா. நீங்க சொன்ன மாதிரியே பிடிச்சேன். திருப்பினேன். எழுதினேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். அவன் லீவு நாள்ல நம்ம வாசல்ல தங்கச்சியைக் கூட்டிப் போக வந்து எத்தனை தடவை நின்னிருக்கான்! 'அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா'ன்னு... என்னை அக்கான்னு கூப்பிட்டான்கா. உங்ககிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?"

"அதனால நடந்தியா?"

"அந்த பஸ்ல ஏறினா அவன் நிப்பானோன்னு பயம். ஏறாட்டி உங்களுக்குச் சந்தேகம் வருமோன்னு அது வேற பயம். நடக்கறதே தேவலைன்னு நடந்தேன்."

அம்மா அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, "அவனுக்கு என்ன பண்ணணும்? நீ சொல்லு. என் பையன்னு பார்க்காத. அந்தக் கண்ணாடிக்காரனுக்கு என் இஷ்டப்படி பண்ணினேன். இவனுக்கு உன் இஷ்டம்," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் பண்ண வேணாம்கா. அவன் அந்த பஸ்ல ஏறக் கூடாது. நான் ஏறணும். அவ்வளவுதான்."

"எத்தனை நாளைக்கு?"

ஒன்பது யோசித்தாள். அவள் கண்ணில் அதுவரை இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்தது. "என் கால் வலி போற வரைக்கும். போனதும் சொல்றேன்."

அம்மா திரும்பி வந்தபோது மகன் சட்டையை அலமாரிக்குள் ஒளித்திருந்தான். அவள் அதை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"ஒம்போதுன்னுதானே எழுதியிருந்துச்சு?"

அவன் முகம் கோணியது. "கூட்டத்துல தெரியாம பட்டிருக்கும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தங்கை போர்வையை உதறிவிட்டு எழுந்தாள்.

"என்னை வீட்டுல உட்காரச் சொன்னியேண்ணா, பாதுகாப்புன்னு. பஸ்ல போறவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும்னு சொன்னியே. எப்படித் தெரிஞ்சுது?"

"நீ சும்மா இருடி! அம்மா, சத்தியமா அவங்கன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா செய்வேனா?"

"தெரியாத பொம்பளைன்னா செய்யலாமா?" என்றாள் அம்மா.

அவன் மடியிலிருந்த சட்டையைச் சுருட்டினான்.

"வர்ற வழியிலேயே ஒர்க்‌ஷாப்புல வண்டி சாவியை நான் வாங்கிட்டேன். வண்டி என் பேருல இருக்கு. இனி அதை நீ தொடக் கூடாது. நாளையிலேருந்து கடைக்கு நடந்து போற. இந்தச் சட்டையிலதான் போற. வேற சட்டை எல்லாம் என்கிட்ட இருக்கும். பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, சினேகிதன் வண்டி எதுலயாவது ஏறினதா கேள்விப்பட்டேன்னா, அந்தக் கண்ணாடிக்காரன் கதையைச் சொன்னியே உன் கடையில, அதே கடைக்கு வந்து இந்தக் கதையையும் நானே சொல்லுவேன்."

"ஒன்றரை மணி நேரம் நடக்கணும்மா! எத்தனை நாளைக்கு?"

"அது எனக்குத் தெரியாது. ஒம்போது சொல்லணும்."

"அம்மா, நான் உன் புள்ளைம்மா."

"அதனாலதான் கையோட விட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

திங்கட்கிழமை அம்மா மகளின் ஷிப்ட்டுக்குத் தன் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்பதின் வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்தார்கள். பஸ் வந்தது. ஒன்பது படியில் கால் வைத்து ஒரு கணம் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

"வாங்க ஒம்போது! எங்க இத்தனை நாளா ஆளையே காணோம்?" என்றார் டிரைவர்.

"உடம்பு சரியில்லண்ணே."

முன்சீட்டில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் மகள் உட்கார்ந்தாள். அம்மா டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். மழை கண்ணாடியை அறைந்தது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் பஸ்ஸின் வேகம் குறைந்தது. டிரைவர் குனிந்து வெளியே பார்த்தார்.

"அக்கா, ஓரமா நனைஞ்சுக்கிட்டுப் போறது உங்க பையன்தானே? பாவம், கடைக்கு லேட்டாயிடுச்சு போல. நிறுத்தவா?"

பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி அவன் நடந்துகொண்டிருந்தான். அரைக்கைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பஸ் சத்தம் கேட்டுத் திரும்பியவன், நிற்கப் போகிறது என்று நினைத்தோ என்னவோ, ஓரடி சாலைப் பக்கம் வந்தான்.

ஒன்பது ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா மகனைப் பார்த்தாள். முழுசாக, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அவன் இதுல ஏற மாட்டான்ணே," என்றாள். "நேரமாச்சு. போங்க."